ஏழாவது துடிப்பு

பதினெட்டாயிரம் பேர் உட்காரும் மைதானத்துக்குள் ஆயிரத்து எண்ணூறு பேரைத்தான் விடலாம் என்று அரசு உத்தரவு போட்டபோது, கொருக்குப்பேட்டை யுனைடெட் கிளப்காரர்கள் கோர்ட்டுக்கும் போகவில்லை, மறியலும் செய்யவில்லை. ஒரு சட்டையைத் தைத்தார்கள்.

மூச்சடைப்புக் காய்ச்சல் வந்து அது மூன்றாவது வருஷம். முதல் இரண்டு வருஷமும் ஆட்டங்கள் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடந்தன. பந்தை உதைக்கும் சத்தத்தையும் கோல்கீப்பர் திட்டும் சத்தத்தையும் தவிர டிவியில் ஒன்றும் கேட்காது. இப்போது பத்து நாற்காலிக்கு ஒருவர் வரலாம். முகக்கவசம் கட்டாயம். கைதட்டலாம், கத்தக்கூடாது, கத்தினால் எச்சில் தெறிக்கும். கத்தாமல் கால்பந்து பார்ப்பது எப்படி என்று வடசென்னையில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் சீசன் அட்டை வைத்திருந்தவர்கள் எல்லாரும் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தார்கள். எப்சிபாவுக்கு விழுந்தது.

எப்சிபாவுக்கு நாற்பத்தொரு வயது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள். பதினாறு வருஷமாகக் கிழக்கு ஸ்டாண்டில் உட்கார்ந்து பேட்டை அணிக்காகத் தொண்டை கட்டக் கத்தியவள். அவள் கணவன் கிரிக்கெட் ஆள். பேட்டைக்கு ஆட்டம் இருக்கும் அன்று சமையல் அவன் பொறுப்பு என்பது கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்த விஷயம்.

முதல் ஆட்டத்தன்று மதியம் மூன்று மணிக்கு மைதானத்து வாசலில் அவளுக்கு அந்தச் சட்டையை மாட்டிவிட்டது ஜமீலா என்ற பெண். கிழக்கு ஸ்டாண்டுக்குக் கிளப் வைத்திருந்த டெக்னீஷியன். கையில்லாத சட்டை, கெட்டித் துணி. தோளிலும் நெஞ்சிலுமாக ஒன்பது இடங்களில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வில்லைகள் தைத்திருந்தன.

"உங்களுக்கு ஒம்போது பேருக்கா. ஒரு வில்லைக்கு ஒருத்தர். வீட்ல அவங்க மெல்லிசா ஒரு பனியன் போட்டிருப்பாங்க. அவங்க நெஞ்சு அடிக்கிறது இங்க அடிக்கும். உங்க நெஞ்சு அடிக்கிறது, நீங்க மூச்சு விடறது எல்லாம் அவங்க பனியன்ல அடிக்கும்."

"அது எதுக்கும்மா? அதான் டிவியில பாக்குறாங்களே."

"டிவியில படம் வருது, சத்தம் வருது. பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருக்கிறது வருதா? ரெண்டு வருஷமா ஜனங்க அதுக்குத்தான ஏங்கிப்போய்க் கிடக்கிறாங்க." ஜமீலா கடைசிப் பொத்தானைப் போட்டாள். "அவங்க யாருன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டோம். நீங்க யாருன்னு அவங்களுக்கும் தெரியாது. ஆட்டம் முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு வரி எழுதி அனுப்பலாம், நீங்களும் பதில் போடலாம். அவ்ளோதான். ஆறு ஆட்டத்துக்கு இதே ஒம்போது பேர். யாரையாச்சும் பிடிக்கலைன்னா இடைவேளையில கழற்றிவிடலாம். காரணம் சொல்ல வேணாம். வரிசையில காத்திருக்கிற வேற யாரை வேணும்னாலும் பேர் சொல்லி ஏத்திக்கலாம்."

"நான் எதுக்கும்மா கழற்றப்போறேன்?"

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்றாங்க," என்றாள் ஜமீலா.

ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிஷம் எப்சிபாவுக்கு விளங்கிவிட்டது. பேட்டையின் வலதுபுற ஆட்டக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட, அவள் தோள் முழுக்க மழைத் தண்ணீர் தகரத்தில் விழுவதுபோல் படபடவென்று அடித்தது. சுற்றிலும் ஒன்பது நாற்காலிகள் காலி. ஆனால் ஒன்பது பேரும் அங்கே இருந்தார்கள். முகக்கவசத்துக்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வேலையிலேயே தினமும் நாற்பது கைகளைப் பிடித்து நாடி பார்க்கிறவள் ஆதலால், இரண்டாவது ஆட்டத்துக்குள் ஒவ்வொருவரையும் அடையாளம் வைத்துக்கொண்டாள். மூன்றாம் எண்ணுக்கு இருபது துடிப்புக்கு ஒருமுறை ஒன்று தவறும்; அவர் டாக்டரைப் பார்த்தால் தேவலை என்று ஆட்டம் முடிந்ததும் ஒரு வரி எழுதினாள். ஐந்தும் ஆறும் ஒன்றுபோலவே ஏறி இறங்கின. கணவன் மனைவியாக இருக்கலாம். ஒன்பதாம் எண் கோல் விழுவதற்கு முன்பே குதித்துவிடும். அவசரக்காரர்.

புரியாமல் போனது ஏழாம் எண்தான்.

அது வலது காறை எலும்புக்குக் கீழே இருந்த வில்லை. பேட்டை முன்னேறிப் போகும்போது மற்ற எட்டும் ஏறும், ஏழு இறங்கும். எதிரணி பந்தோடு பேட்டையின் கோலை நோக்கி வரும்போது ஏழு மட்டும் எகிறும். முதல் ஆட்டத்தில் பேட்டை போட்ட இரண்டு கோலுக்கும் அது அசையவே இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் தூங்கிவிட்டதுபோல் தொண்ணூறு நிமிஷமும் ஒரே சீராக அடித்தது.

இதை அவள் எட்வினிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எட்வின் அவள் தெருக்காரர். தண்ணீர் லாரி ஓட்டுபவர். ஐம்பது வயது. கிழக்கு ஸ்டாண்டின் குரல் என்றால் அவர்தான். பேட்டை ரசிகர்கள் பாடும் பாட்டில் பாதி அவர் கட்டியது. இரண்டாவது வருஷம் காய்ச்சல் அவரைப் போட்டுப் பார்த்ததில் உயிர் தப்பியது, குரல் போயிற்று. இப்போது பேசினால் காகிதத்தைக் கசக்குவதுபோல் ஒரு சத்தம் வரும். குலுக்கலில் அவருக்கு விழவில்லை. வீட்டிலிருந்து துடிப்பு அனுப்பும் வரிசையிலும் நாலாயிரத்துச் சொச்சம் பேருக்குப் பின்னால் இருந்தார்.

"அவன் தென்கரைக்காரன்," என்றார் எட்வின், ஒரு நொடிகூட யோசிக்காமல். தென்கரை அத்லெட்டிக், பேட்டையின் பரம வைரி. "நம்ம சீசன் அட்டையை வாங்கி உள்ள பூந்துட்டான். நம்ம தோக்குறதை நம்ம தோள் மேலயே உக்காந்து ரசிக்கிறான். இன்னா கொழுப்பு பாரு."

"அப்படித்தான் இருக்குமாண்ணா?"

"வேற இன்னா? எப்சி, உன்னை இதுவரைக்கும் நான் ஒண்ணும் கேட்டதில்ல." கசங்கிய குரலில் அவர் கெஞ்சியது அவளுக்கு என்னவோ செய்தது. "அவனைக் கழட்டிட்டு என்னை ஏத்திக்கோம்மா. என்னால கத்த முடியாது. நெஞ்சு அடிக்குமில்ல? அதாச்சும் மைதானத்துக்குள்ள போட்டும்."

ஊரெங்கும் இப்படிக் கேட்பது நடந்துகொண்டுதான் இருந்தது. சட்டை கிடைத்தவர்களுக்குச் சொந்தக்காரர்கள் திடீரென்று பெருகினார்கள். வடக்கு ஸ்டாண்டில் ஒருவர், துடிப்பு மெதுவாக இருக்கிறது, உற்சாகமே இல்லை என்று ஒருவரைக் கழற்றிவிட்டார். அவர் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடும் எண்பது வயதுக்காரர் என்று பிறகு தெரியவந்தது. ரசிகன் என்றால் நெஞ்சு எப்படி அடிக்க வேண்டும் என்று டீக்கடைகளில் வாக்குவாதம் நடந்தது. இதையெல்லாம் கேட்டு எப்சிபா மூக்கில் விரலை வைத்திருக்கிறாள். ஆனால் எட்வின் அண்ணன் கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. "காலிறுதிக்கு ஏத்திக்கிறேண்ணா," என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

காலிறுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. எதிரணி நீலாங்கரை. முதல் பாதியில் கோல் இல்லை. நீலாங்கரைக்காரர்கள் உயரமானவர்கள்; பந்தைத் தூக்கித் தூக்கிப் பேட்டையின் கோலுக்கு முன்னால் போட்டார்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஏழு எகிறிக் குதித்தது. எப்சிபாவுக்கு எரிச்சலாக வந்தது. இடைவேளை விசில் ஊதியதும் ஜமீலாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"ஏழைக் கழற்றிடும்மா. எட்வின் செல்லப்பான்னு ஒருத்தர் வரிசையில இருக்கார், அவரை ஏத்து."

ஜமீலா தலையாட்டினாள். கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் இரண்டு இடத்தில் தொட்டாள். காறை எலும்புக்குக் கீழே துடிப்பு நின்றது. கொஞ்ச நேரம் அந்த இடம் வெறுமனே கிடந்தது. பிறகு வந்தது பாருங்கள், கல்யாண வீட்டுத் தவில்போல ஒரு அடி! இரண்டாம் பாதி இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் நூற்றுப் பத்து. எப்சிபா வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணன் வந்துவிட்டார்.

இரண்டாம் பாதியில் பதினேழு நிமிஷம் எல்லாம் நன்றாக நடந்தது.

பதினெட்டாவது நிமிஷம் நீலாங்கரை ஒரு பந்தை உயரத் தூக்கிப் போட்டது. பேட்டையின் நான்காம் எண் சற்குணம், தடுப்பாட்டக்காரன், அதைத் தலையால் முட்ட எழுந்தான். எதிரணி ஆளும் எழுந்தான். இரண்டு மண்டையும் மோதிய சத்தம் கிழக்கு ஸ்டாண்டுவரை கேட்டது. எதிரணி ஆள் உட்கார்ந்துவிட்டு எழுந்தான். சற்குணம் குப்புற விழுந்தவன் அசையவில்லை.

ஒன்பது வில்லைகளும் ஒருசேர எகிறின. வலது காறை எலும்புக்குக் கீழே எட்வின் அண்ணன் தடதடவென்று அடித்தார். எப்சிபா அந்த இடத்தில் கையை வைத்தாள்.

உயரப் பந்து. ஒவ்வொரு உயரப் பந்துக்கும் ஏழு எகிறியது. ஒவ்வொரு உயரப் பந்துக்கும் எழுந்தது யார்? நான்காம் எண். இரண்டாவது ஆட்டத்தில் பேட்டை வாங்கிய கோல் தூரத்திலிருந்து அடித்தது, சற்குணம் அந்தப் பக்கமே இல்லை. அப்போது ஏழு துளிகூட அசையவில்லை. தென்கரைக்காரனாக இருந்தால் குதித்திருக்க வேண்டாமா? மூன்றாவது ஆட்டத்தில் சற்குணம், முந்தின ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கியதால், வெளியே உட்கார்ந்திருந்தான். அன்றைக்குத்தான் ஏழு தொண்ணூறு நிமிஷமும் சீராக அடித்தது.

ஏழு பேட்டையையும் பார்க்கவில்லை, எதிரணியையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆள் இப்போது புல்லில் குப்புறக் கிடந்தான். அந்த நேரம் பார்த்து அவள் ஏழைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"ஜமீலா! இங்க வாம்மா! ஏழைத் திரும்ப ஏத்து!"

ஜமீலா படியேறி ஓடிவந்தாள். "இடைவேளையிலதான்க்கா மாத்த முடியும்."

"ஆட்டம் நின்னுபோய்தான கிடக்கு?"

"மூணு நிமிஷத்துக்கு மேல நின்னா இடைவேளைன்னுதான் கணக்கு. ஆனா இன்னிக்கு ஏறினவரை இன்னிக்கே நீங்க கழற்ற முடியாது. அவரா எறங்கினாத்தான் உண்டு; தானா எறங்கினவரை மறுபடி இன்னிக்கு ஏத்த முடியாது."

எப்சிபா போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எட்வின் எடுத்தார்.

"எப்சி! பையனுக்கு இன்னாச்சு? டிவியில கொசுவர்த்தி விளம்பரம் போட்டுட்டான்மா, ஒண்ணும் தெரியல!"

விளம்பரம். அவள் அதை நினைக்கவே இல்லை. அடிபட்டு யாராவது கிடந்தால் டிவிக்காரர்கள் விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். எங்கோ ஒரு வீட்டில் ஏழாம் எண், கொசுவர்த்தி விளம்பரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது.

"அண்ணா, கேளுங்க. ஏழு தென்கரைக்காரன் இல்ல. சற்குணத்துக்கு வேண்டிய யாரோ. அவங்க அம்மாவா இருக்கும்ணா. அவன் எப்பல்லாம் பந்துக்கு எழுந்தானோ அப்பல்லாம் பயந்திருக்காங்க. நான் புரிஞ்சுக்காம கழற்றிட்டேன்."

மைதானத்தில் டாக்டர் சற்குணத்தின் பக்கம் குனிந்தார்.

"இப்ப நீங்க எறங்கினாத்தான் அவங்க ஏற முடியும். மறுபடி இன்னிக்கு ஏத்த முடியாது. உங்களைக் கேக்கவே எனக்கு..."

"பதினேழு நிமிஷம்தாம்மா ஆச்சு," என்றார் எட்வின்.

வில்லையில் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாறு துடிப்பு.

"சரி, எப்டி எறங்கறது? எந்த பட்டனை அமுக்கணும், அதைச் சொல்லு. கண்ணாடியைக் காணோம்."

துடிப்பு நின்றது. ஜமீலாவின் விரல்கள் பலகையில் ஓடின. காறை எலும்புக்குக் கீழே ஏழு திரும்பி வந்தது. துடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ண முடியாத வேகத்தில் வந்தன. நூற்றைம்பதுக்குக் குறையாது. ஊசியைப் பார்த்து மயங்கி விழப்போகிறவர்களின் நாடி இப்படித்தான் ஓடும் என்பது எப்சிபாவுக்குத் தெரியும். அவர்களிடம் ஏதாவது பேச்சுக் கொடுப்பாள். எந்த ஊர், மதியம் என்ன சாப்பாடு என்று கேட்பாள். இங்கே வார்த்தை போகாது. அவள் நெஞ்சும் மூச்சும்தான் போகும்.

அவள் நெஞ்சோ நூற்றிருபதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பயம் அப்படியே அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று உறைத்ததும், நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றினாள். நாலு எண்ணி மூச்சை இழுத்தாள். ஆறு எண்ணி விட்டாள்.

மைதானத்தில் டாக்டர் மண்டியிட்டிருந்தார். சற்குணத்தைப் புரட்டிப் போட்டார்கள். நெற்றியில் ரத்தம். இழு, நாலு. விடு, ஆறு. ஸ்ட்ரெச்சர் வந்தது. ஏழு குறையவில்லை. இழு. சற்குணத்தின் கை விரல்கள் புல்லைப் பற்றின. எப்சிபாவின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது, அதை அவள் தடுக்கவில்லை. நல்ல செய்தி, போகட்டும். அவன் முழங்காலை மடக்கினான். எழுந்து உட்கார்ந்தான். டாக்டர் விரலைக் காட்டி ஏதோ கேட்க, பதில் சொன்னான். தண்ணீர் குடித்தான். ஏழு நூற்று முப்பதுக்கு வந்தது. இழு, விடு. தலையில் கட்டுப் போட்டார்கள். நின்றான். மைதானத்தில் இருந்த ஆயிரத்து எண்ணூறு பேரும் ஒன்றாகக் கைதட்டினார்கள். ஏழு நூற்றுப் பத்து. தொண்ணூற்றைந்து. அவன் தானாக நடந்து கோட்டைத் தாண்டி வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தபோது எண்பது.

அதன் பிறகு பேட்டை ஒரு கோல் போட்டு ஜெயித்தது. எட்டு வில்லையும் குதித்துக் கும்மாளம் போட்டன. ஏழு, மழை விட்ட தெருபோல ஓய்ந்து கிடந்தது. எப்சிபாவுக்கு இந்தத் தடவை எரிச்சல் வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஏழிடமிருந்து ஒரு வரி வந்தது. "கால் நல்லா இருக்கா?"

காலா? "அடி தலையில்தான், நாலு தையல் போதுமாம், கால் ரெண்டும் நல்லா இருக்கு" என்று பதில் எழுதினாள். அம்மாக்கள் இப்படித்தான், எங்கே அடி என்றுகூடத் தெரியாமல் தவிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கிளப்பிலிருந்து ஜமீலா கூப்பிட்டாள். ஏழாம் எண் அவளைச் சந்திக்க விரும்புகிறது. அவளும் சம்மதித்தால் போன் நம்பர் தருவார்கள். எப்சிபா சம்மதித்தாள்.

எண்ணூர் நெடுஞ்சாலையோரம், அலை தடுக்கப் போட்டிருக்கும் பாறைகள் மேல், முற்பகல் பதினொரு மணிக்கு வந்து நின்றவன் ஒரு ஆண்பிள்ளை. முப்பது வயதிருக்கும். உயரம். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் நீலச் சட்டை. ஆறடி தள்ளி நின்று முகக்கவசத்தைக் கீழே இறக்கிக் காட்டினான்.

"என்னை உங்களுக்குத் தெரியும்க்கா. அமலன்."

தெரியாமலா? தென்கரை அத்லெட்டிக்கின் அமலன். காய்ச்சல் வருவதற்கு முந்தின சீசனில், கிழக்கு ஸ்டாண்டுக்கு நேர் எதிரே, சற்குணத்தின் வலது காலை இரண்டாக உடைத்தவன். சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனவனை அந்த வருஷம் முழுக்கப் பேட்டை ரசிகர்கள் விடவில்லை. அவனைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. அவன் தாயையும் இழுத்த பாட்டு. அவன் எந்த ஊரில் ஆடினாலும் பத்துப் பேராவது போய் அதைப் பாடிவிட்டு வந்தார்கள். எப்சிபாவும் பாடியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவன் ஆட்டத்தையே விட்டுவிட்டதாகப் பேச்சு.

"நான் உங்களை அவங்க அம்மான்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள் அவள்.

அமலன் சிரித்தான். சிரிப்பு வந்ததில் அவனுக்கே ஆச்சரியம் போலிருந்தது. பாறையில் உட்கார்ந்தான்.

"வேணும்னுதான் செஞ்சியான்னு எல்லாரும் கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன். உண்மையைச் சொல்லணும்னா எனக்கே தெரியாதுக்கா. அவன் பந்தோட என்னை ஒருதடவை ஏமாத்திட்டுப் போயிட்டான், கோவம் இருந்துச்சு. அடுத்த நொடி என் கால் அவன் கால் மேல போச்சு. கோவத்துக்கும் காலுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு, எவ்ளோ யோசிச்சும் பிடிபடல. எலும்பு உடைஞ்ச சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கு."

"அப்புறம் எதுக்குப்பா பேட்டை அட்டை வாங்கினே?"

"அவன் திரும்ப ஆட வந்துட்டான்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. அந்தக் கால் தாங்குமான்னு பாக்கணும். டிவிக்காரன் பந்தைத்தான் காட்டுவான், காலைக் காட்ட மாட்டான். மைதானத்துல உக்காந்திருக்கிற ஒரு ஆளோட நெஞ்சு எனக்குத் தெரிஞ்சா, அவனுக்கு ஒண்ணுன்னா அதுல தெரியும்னு நெனச்சேன்." அவன் கடலைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை இடைவேளையில நீங்க என்னைக் கழட்டிவிட்டப்ப, என்னை யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். சரியாத்தான் செஞ்சாங்கன்னு தோணுச்சு. அப்புறம் அவன் விழுந்தான். விளம்பரம் வந்துச்சு. அந்த மூணு நிமிஷம்... அதுக்கப்புறம் நீங்க வந்தீங்க. மூச்சு மெதுவா வந்துச்சு. ஒண்ணுமில்ல போலன்னு என் உடம்புக்குத் தெரிஞ்சுது. அதுக்குத்தான்க்கா உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும்னு."

எப்சிபா தள்ளி இன்னொரு பாறையில் உட்கார்ந்தாள். பிறகு, "அந்தப் பாட்டை நானும் பாடியிருக்கேன்," என்றாள்.

"ஒம்போதாயிரம் பேர் பாடினாங்க."

"அந்த ஒம்போதாயிரத்துல நானும் ஒருத்திதானப்பா."

அடுத்த மாதம் காய்ச்சல் தணிந்தது. ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி, பாதி மைதானம் நிரம்பலாம் என்று புது உத்தரவு வந்தது. முகக்கவசத்தோடு சத்தம் போடலாம். சட்டைகளை எல்லாரும் கிளப்பில் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது பலர் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்கள் என்று ஜமீலா சொன்னாள்.

எட்வினுக்கும் இடம் கிடைத்தது. எப்சிபா தனக்குத் தெரிந்த ஒருவனுக்கும் பக்கத்தில் இடம் போட்டு, வாசலில் எட்வினிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பதினேழு நிமிஷத்தில் இறங்கிக் கொடுத்தது யாருக்காக என்று ஒளிக்காமல் சொன்னாள். எட்வின் தூரத்தில் டிக்கெட்டோடு நின்றவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"அவன் மேல அந்தப் பாட்டைக் கட்டுனவனே நான்தான், தெரியுமில்ல?"

"தெரியும்ணா. அவனுக்கும் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? இன்னா சொன்னான்?"

"மெட்டு நல்லா இருந்துச்சுன்னான்."

எட்வின் விறுவிறுவென்று உள்ளே போய் உட்கார்ந்தார். ஒரு காலி நாற்காலி, அதற்கு அப்பால் அமலன், இன்னொரு காலி நாற்காலி, அப்புறம் எப்சிபா. முதல் பாதி முழுக்க எட்வின் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்பதாயிரம் பேர் இரண்டு வருஷத்துச் சத்தத்தையும் சேர்த்துப் போட்டார்கள். யாரோ பின்னால் பழைய பாட்டெல்லாம் எடுத்துவிட, கூட்டம் ஒவ்வொன்றாகப் பாடியது. அந்த ஒரு பாட்டின் முதல் சொல் எழுந்தபோது எட்வின் விருட்டென்று எழுந்து பின்னால் திரும்பி, இரண்டு கையையும் குறுக்கே வீசினார். வேண்டாம். குரல் இல்லாவிட்டாலும் கிழக்கு ஸ்டாண்டுக்கு அந்தக் கை தெரியும். பாட்டு அடங்கி வேறொன்று தொடங்கியது. அவர் மறுபடி உட்கார்ந்து மைதானத்தையே பார்த்தார்.

இரண்டாம் பாதியில் எதிரணிக்கு ஒரு கார்னர். பந்து வளைந்து, உயர்ந்து, பேட்டையின் கோலுக்கு முன்னால் இறங்கியது. சற்குணம் எழுந்தான். அவனோடு நாலு பேர் எழுந்தார்கள். அமலன் கண்களை இறுக மூடிக்கொண்டான். இரண்டு கைகளும் முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்திருந்தன.

எட்வின் ஏதோ சொன்னார். அந்த இரைச்சலில் அவர் குரல் ஒரு நாற்காலியைக்கூடத் தாண்டவில்லை. அவர் எழுந்து, உட்காரக்கூடாது என்று சிவப்பு நாடா கட்டியிருந்த காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கீழே யாரோ தன்னார்வலர் விசில் ஊதினார். எட்வின் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அமலனின் தோளைத் தொட்டார்.

"கண்ணைத் தொறப்பா," என்றார், தன் கசங்கிய குரலில். "விழல. ஓடறான் பாரு."